ஒரு சிகரெட் நேரம், துணிக்கொடிக்குக் கீழே

1

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்தான் இது:

"பொது எடத்துல சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு பாரு, அதுக்கப்புறந்தான் எங்க வீட்டுக்காரர் எங்கிட்ட பேசவே ஆரம்பிச்சார்."

கேட்டவள் சிரித்தாள். சொன்னவள் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அவளுக்கு ஒரு முகம் வந்திருக்கும். முகம் வந்துவிட்டால் அப்புறம் கற்பனை செய்வது கஷ்டம். சற்று நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அரை மணி நேரம் எனக்குக் கிடைத்தது. அந்த வாக்கியத்தை உள்ளே உருட்டிக்கொண்டே கிடந்தேன்.

அந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் ஒரு கட்டுரை. அலுவலகத்தில் கூடாது, பேருந்து நிறுத்தத்தில் கூடாது, பூங்காவில் கூடாது என்றால் புகை எங்கே போகும்? வீட்டுக்குத்தான் போகும். தெருவைச் சுத்தம் செய்கிற சட்டம் வீட்டை அழுக்காக்குகிறதா? இதுதான் என் கேள்வி. இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அதற்குள் ஒருத்தி வந்து, புகையோடு சேர்ந்து வேறொன்றும் வீட்டுக்கு வந்தது என்று சொல்லிவிட்டாள்.

கட்டுரையைக் கிழிக்கவில்லை. அங்கங்கே அது இதற்குள் தலை நீட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கங்கள்.

"மாலை வெயில் மங்கிக்கொண்டிருந்தது. அவர் சிகரெட்டைப் பற்றவைத்தபோது வானம்—"

(இல்லை. வானத்துக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

"இருபத்திரண்டு வருடங்களில் அந்த மனிதர் மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரு நாளாவது—"

(இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் பத்தியில் அவர் கெட்டவராகிவிடுவார். பேசாதவர்களைக் கெட்டவர்களாக எழுதுவது சுலபம். அவர்களும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.)

"அவள் துணி எடுக்கத்தான் போனாள்."

இது நிற்கும் என்று தோன்றுகிறது.

3

அவள் துணி எடுக்கத்தான் போனாள். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன பால்கனி. வாஷிங் மெஷினும் துணிக்கொடியும் போக, இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் உள்ளே போய்விட வேண்டும். வேலை முடிந்து வந்த கணவர் அங்கே நின்றுகொண்டு, விருந்தாளி மாதிரித் தயங்கி, "இங்க ஒண்ணு பிடிச்சுக்கட்டுமா?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சிகரெட் பிடிப்பார் என்பது தெரிந்ததுதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் ஒரு முறைகூடப் பிடித்ததில்லை. அந்த மரியாதையை அவள் மனசுக்குள் ஒரு நகை மாதிரி வைத்திருந்தாள்.

"துணி காயுது," என்றாள்.

"எடுத்துரு. காத்திருக்கேன்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். (முதலில் பேருந்து ஓட்டுநராக இருந்தார், பிறகு வாட்ச்மேனாக இருந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அந்த வாரம் நின்றுபோய், இரண்டு பேர் வந்து பழுது பார்த்ததால் மெக்கானிக் ஆகிவிட்டார். எழுதுகிறவனுக்குப் பாத்திரங்கள் இப்படித்தான் கிடைக்கிறார்கள்.) லிஃப்டை இழுக்கும் மோட்டார் மொட்டைமாடியில் ஒரு தனி அறையில் இருக்கும். இத்தனை வருடமும் அவரும் அவருடைய கூட்டாளியும் அந்த அறை வாசலில்தான் புகை பிடித்தார்கள். கூட்டாளிக்குத் 'தொப்பி' என்று பெயர். குளித்துவிட்டு வந்தாலும் தொப்பியோடுதான் வருவான் என்பார்கள். அங்கேதான் பேச்சு. ஊர்க்கதை, உலகக் கதை, கிண்டல், கேலி எல்லாம் அங்கேயே செலவாகிவிடும். வீட்டுக்கு வரும்போது அவரிடம் பேசுவதற்கு ஒன்றும் மீந்திருக்காது.

சட்டம் வந்தது. மொட்டைமாடியும் சேர்த்து மொத்தக் கட்டடமும் தடைக்குள் வந்தது. மாட்டினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தெருவிலும் முடியாது. மிஞ்சியது இந்தப் பால்கனி.

அவள் கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். முதல் இழுப்பு இழுத்ததும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. பழக்கம். பக்கத்தில் நிற்பது தொப்பியா மனைவியா என்று வாய்க்குத் தெரியவில்லை.

"இன்னைக்கு ஒரு கூத்து. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தரு வக்கீலு. இன்னொருத்தரு அவர் மேலயே கேஸ் போட்டவரு. நான் மேலேருந்து, 'பயப்படாதீங்க சார், பத்தே நிமிஷம்'ங்கறேன். உள்ளேருந்து வக்கீல் சத்தம் போடறாரு: 'அவசரமில்லப்பா, மெதுவா பண்ணு. இந்தாளுக்கு இன்னும் ரெண்டு பாயின்ட் சொல்ல வேண்டியிருக்கு!'"

அவள் கையில் தலையணை உறையோடு நின்றுவிட்டாள். இந்த மனிதருக்கு இப்படியெல்லாம் சொல்லத் தெரியுமா?

"அப்புறம்?" என்றாள்.

4

அவளுக்கும் ஒரு வேலை வேண்டும். கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவளாக வைத்தேன். ஒரு நாளில் நூறு தடவையாவது, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்ன போட்டது தெளிவா?" என்று அந்நியர்களிடம் கேட்கிறவள். ஏசிக் காற்றும் ஓயாத பேச்சும் சேர்ந்து தொண்டை வறண்டு, வீடு வரும்போது ஒரு வறட்டு இருமல் மட்டும்தான் துணைக்கு வரும். ஆக, இரண்டு பேரும் பேச்சை வெளியே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவர்கள். சண்டை கிடையாது. குறையும் கிடையாது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் அதிகம் பேசியது டிவிதான்.

அந்த முதல் நாளுக்குப் பிறகு அவள் துணி துவைக்கும் நேரத்தை மாற்றினாள்.

காலையில் துவைத்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். காய்ந்த துணிக்குப் பால்கனியில் என்ன வேலை? மாலையில் துவைத்தால், அவர் சிகரெட்டும் கையுமாக வரும்போது, "இருங்க, ஓரமாத் தள்ளிப் போட்டுக்கறேன்," என்று போய் நிற்கலாம். நின்றபடி பிழியலாம், உதறலாம், ஒரே சட்டையை மூன்று இடத்தில் மாற்றி மாற்றிப் போடலாம். பிறகு ஒரு ஸ்டூலே வந்தது. சிகரெட் தீர ஏழு நிமிடம் ஆகும். சில நாள் கதை தீராமல் இரண்டாவதும் பற்றவைப்பார். துணியெல்லாம் புகை நாற்றம் ஏறியது. அவள் மறுபடி துவைத்தாள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: "சிகரெட்டுக்கா வக்காலத்து வாங்குகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்பார். இல்லை. அந்த ஏழு நிமிடத்தில் அவள் நெஞ்சுக்குள் போனது நல்ல காற்றில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்டுரையாக இருந்தால் அந்த ஒரு வரியோடு தீர்ப்பு எழுதியிருப்பேன்.)

(இன்னொருவர் கேட்பது: "சிகரெட் இல்லாமலே பேசிக்கொள்ளலாமே?" தாராளமாக. ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து, "சரி, பேசலாம்," என்று ஆரம்பித்துப் பாருங்கள். சிகரெட் கைக்கு ஒரு வேலை கொடுத்தது, கண்ணுக்கு வெளியே பார்க்க ஒரு சாக்குக் கொடுத்தது, பேச்சுக்கு ஒரு முடிவு நேரமும் கொடுத்தது. கூச்சப்படுகிற மனிதர்களுக்கு இந்த மூன்றும் பெரிய விஷயம்.)

ஏழு மாதம் இப்படிப் போனது. அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்த மாதங்கள் என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். அப்படியேதான் எழுத வேண்டியிருக்கிறது.

5

பிறகு ஒரு திங்கட்கிழமை அவர் பால்கனிக்கு வரவில்லை.

கை கால் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவள் ஈரத் துணிகளோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அவள் சமையலறையிலிருந்து, "துணி காயப் போடறேன்," என்று தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். "ம்," என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை அவர் குளிக்கப் போனதும், கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கிரீஸ் வாசனை, வியர்வை வாசனை. சிகரெட் வாசனை இல்லை. காலரை முகர்ந்தாள், பையை முகர்ந்தாள். இல்லவே இல்லை. சட்டையை உள்பக்கம் திருப்பி அங்கேயும் முகர்ந்தாள்.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். கணவன் சட்டையில் சிகரெட் வாசனை இல்லையே என்று கலங்குகிற மனைவியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.)

வேறு எங்காவது பிடிக்கிறார் என்றாலாவது ஒரு கணக்குப் புரியும். எங்கேயுமே பிடிக்கவில்லை. விட்டுவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டார்.

மகளிடம் போனில் சொன்னாள்.

"என்னம்மா சொல்ற? அப்பா விட்டுட்டாரா? நான் எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்! உனக்குச் சந்தோஷமா இல்ல?"

"இருக்குடி."

"குரலைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"தொண்டை கட்டியிருக்கு. போனை வை."

6

தலை நீட்டுகிறது கட்டுரை.

என் வாதம் தவறாகிக்கொண்டிருந்தது. தடை போட்டால் புகை வீட்டுக்குள் நுழையும் என்றேன். நுழைந்தது. ஆனால் அதே தடை, கொஞ்சம் பின்தங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதே! வெளியே பத்து இடத்தில் கையைக் கட்டிக்கொண்ட மனிதர் பதினோராவது இடத்திலும் தானாகக் கட்டிக்கொள்கிறார். அதிகாரி வரவில்லை, அபராதம் இல்லை. நல்லதுதானே? நல்லதுதான். கட்டுரை எழுதுகிறவனாக நான் கைதட்ட வேண்டும்.

கதை எழுதுகிறவனாக அந்தக் காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

7

ஒன்பதாம் நாள் மதியம் அவள் சாப்பாட்டு இடைவேளையில் கடையை விட்டு இறங்கி, தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனாள். வாழ்நாளில் சிகரெட் வாங்கியதில்லை. என்ன பெயர் என்றுகூடத் தெரியாது.

"நீலக் கலர்ல, ஓரத்துல தங்கக் கோடு போட்டிருக்குமே."

கடைக்காரர் எடுத்து வைத்தார். அட்டையில் கெட்டுப்போன நுரையீரலின் படம். படம் கீழ்ப்பக்கமாகப் போகும்படி அவள் அதைத் திருப்பி வைத்தாள்.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் பொய் சொல்லவில்லை. நீங்களும் நானும் அதை அறிவோம்.

பாக்கெட்டைக் கைப்பைக்குள் தள்ளிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குத் திரும்பினால், நாற்காலியில் தொப்பி உட்கார்ந்திருந்தான்.

(இந்தக் காட்சி எனக்குப் பிடிக்கவில்லை. சரியான நேரத்துக்கு ஒருவன் வந்து, தெரிய வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவது சோம்பேறி எழுத்தாளனின் வேலை. தொப்பியை வரவிடாமல் இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். அவள் எதையும் தெரிந்துகொள்ளவே இல்லை. போகட்டும், நாற்பத்தைந்து வயதானால் யாருக்கும் படிக்கிற கண்ணாடி வேண்டும். அவனுக்கு இன்றைக்கு வேண்டியிருக்கிறது.)

"வாங்க அண்ணி. வயரிங் படம் எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது. ஒரு கண்ணாடி குடுங்க."

"தொப்பியைக் கழட்டுங்க. ஃப்ரேம் உக்காராது."

"அது மட்டும் முடியாது."

பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டான். அவள் சோதனை ஃப்ரேமை அவன் மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றத் தொடங்கினாள்.

"இது தெளிவா, இதுவா?"

"ரெண்டாவது. அண்ணி, ஒரு நல்ல காரியம் பண்ணிட்டீங்க. அண்ணனைத் தம் அடிக்க விடாமப் பண்ணிட்டீங்களே."

அவள் கை நின்றது. "நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேளுங்க! தினமும் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து காவல் காத்தீங்களாமே. 'எத்தனை ஊதறேன்னு எண்ணுறாடா'ன்னாரு. 'இருமிக்கிட்டே உக்காந்திருக்கா, எழுந்து போகவும் மாட்டேங்கறா, விடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டேங்கறா. அதைப் பாத்துட்டு எப்படிடா ஊதறது?'ன்னாரு. இதுல கம்பெனி வேற ஸ்டிக்கர் குடுத்துச்சா, எல்லா லிஃப்ட்டுலயும் ஒட்டணும்னு. 'உங்கள் புகையை உங்கள் வீட்டாரும் சுவாசிக்கிறார்கள்'னு கொட்டை எழுத்துல. குமிழி வராமத் தேய்ச்சுத் தேய்ச்சு ஒட்டணும். தேய்க்கிறவன் படிக்காம இருக்க முடியுமா? முப்பது லிஃப்ட் ஒட்டினாரு. முப்பத்தொண்ணாவதுல பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில போட்டுட்டாரு."

அவள் கைக்கு வந்த ஒரு வில்லையை எடுத்து ஃப்ரேமில் செருகினாள்.

"அண்ணி."

"ம்."

"இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல. ஏதோ பானை அடிப்பாகத்தை மாட்டிட்டீங்க."

அவள் வில்லையைக் கழற்றினாள். காவல். தான் போய் உட்கார்ந்தது அவருக்குக் காவலாகத் தெரிந்திருக்கிறது. அவள் இருமலைக் கேட்டுக்கொண்டே, அதை மறக்கத்தானோ என்னவோ, கதை மேல் கதையாகச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்க வந்தாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவள்தான் சொல்லவே இல்லையே.

"இருமல் இந்தக் கடை ஏசியால வர்றது," என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

"அதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. மறுபடி ஆரம்பிச்சிருவாரு," என்றான் தொப்பி.

8

மாலை. அவருக்குச் சீக்கிரம் வேலை முடிந்திருந்தது. அவள் கைப்பையைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். பாக்கெட்டை என்ன செய்வது என்று முடிவாகவில்லை. குப்பையில் போட்டால் அவர் பார்ப்பார். கடையில் திருப்பிக் கொடுத்தால், "என்னம்மா, காட்டமா இருந்துச்சா?" என்பார் கடைக்காரர்.

பைக்குள் போன் அடித்தது.

"எடுங்க, கை ஈரம்."

அவர் வந்து பைக்குள் கைவிட்டார். போன் வந்தது. கூடவே நீலப் பாக்கெட்டும் வந்தது.

மகளின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது. "அப்பா! நீங்களா? ஒன்பது நாளாமே! எப்படி இருக்குப்பா?"

அவர் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம். நல்லாத்தான் இருக்கு."

"கை பரபரன்னு இருக்கா?"

"இப்பத்தான் கொஞ்சம்."

"தைரியமா இருங்க. அம்மா பக்கத்துலதானே இருக்கா, பாத்துப்பா."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கா," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

குழாயை அவள் மூடினாள். அவர் பாக்கெட்டைத் திருப்பினார். பிரிக்கப்படவில்லை. நுரையீரல் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

அவள் அரிசிப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"நீயா...?"

"சீ!"

"அப்போ?"

9

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன்.

முதலாவது. அவர் சிரித்துவிட்டு ஒன்றைப் பற்றவைக்கிறார். இருவரும் பால்கனிக்குப் போகிறார்கள். கதை தொடர்கிறது. (படிக்க இனிப்பாக இருக்கிறது. அவள் நெஞ்சைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஒன்பது நாள் பல்லைக் கடித்த அந்த மனிதரின் பாடும் வீண்.)

இரண்டாவது. அவர் பாக்கெட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, "சோதனை பண்றியா என்னை?" என்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு அரிசியைக் களைகிறாள். டிவி பேசுகிறது. (இது சில பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். எனக்கு அந்த வீட்டில் இன்னொரு நாள் டிவி சத்தம் கேட்க இஷ்டமில்லை.)

மூன்றாவது. "ஒரு வருடம் கழித்து, அதே பால்கனியில், வெறுங்கையோடு நின்று அவர்கள்—"

(கோழைத்தனம். நடுவில் இருக்கிற அந்த மாலையைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறேன்.)

மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மூன்றிலும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏழு மாதப் பேச்சில் அவள் பங்கு "அப்புறம்?" என்பது மட்டும்தான். அவர் சொன்னார், அவள் கேட்டாள். அதைப் பேச்சு என்று நினைத்து அவள் நிறைந்திருந்தாள். எதிரில் நிற்கிறவர் அதை மௌனம் என்று நினைத்துப் பயந்திருக்கிறார். எழுதுகிற நானாவது அவளுக்கு நாலு வரி கொடுத்திருக்க வேண்டாமா? மகளிடம் மழுப்ப வைத்தேன், கடைக்காரர் கேட்டபோது ஒரே சொல்லில் நிறுத்தினேன், தொப்பியிடம் எங்கோ பார்த்துப் பேச வைத்தேன். கணவரிடம் "சீ" என்ற ஒரு எழுத்தோடு விட்டுவிட்டேன்.

பல் மருத்துவரின் வாசலில் அந்தப் பெண் தன் வாக்கியத்தைத் தானே சொன்னாள். அதைச் சொல்லக் கூடியவளை எடுத்து வந்து, ஒன்பது பகுதி முழுக்க ஊமையாக வைத்திருக்கிறேன். இந்தத் தவறை என்னால் இப்போது திருத்த முடியாது. திருத்தினாலும் அது என் குரலாகத்தான் இருக்கும்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். நிலவரம் இதுதான்: அரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. பாக்கெட் மேடைமேல், பிரிக்காமல். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அவர் கோபமாக இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன். டிவி பக்கம் போகவும் இல்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் காட்டுகிற அதே பொறுமையோடு நிற்கிறார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள்.

அவள் சொல்லப் போவதை எழுதுங்கள். இருமலில் தொடங்கலாம், துணி துவைக்கும் நேரத்தில் தொடங்கலாம், வக்கீலில் கூடத் தொடங்கலாம். எவ்வளவு நீளமாகப் போனாலும் பரவாயில்லை. அவருக்கு இன்று மாலை வேறு வேலை இல்லை.